நான்காம் பக்கத்தில் ஒரு சொல்

அன்புள்ள தம்பி,

இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து படிக்காதே என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதைச் சொல்வதற்கும் முதல் வரிதான் கிடைத்தது, என்ன செய்ய. நீ ஹால் டிக்கெட்டை ஜெராக்ஸ் எடுக்க நீடாமங்கலம் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாய். வர எப்படியும் ஒரு மணி நேரமாகும். கடைக்காரர் தரும் பிரதியை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தானே நீ அந்த இடத்தை விட்டு நகர்வாய். அதற்குள் இதை எழுதி உன் பையில் வைத்துவிட வேண்டும். நேரில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், நான் அழுதுவிடுவேன், இரண்டும் வேண்டாம். சாயங்கால ரயிலில் உட்கார்ந்த பிறகு பிரித்துப் பார். நாளைக் காலை தஞ்சாவூரில் வேலைக்கான தேர்வு. இந்த வருடத்தோடு உனக்கு வயது வரம்பு முடிகிறது, இதுதான் கடைசித் தடவை என்பதை இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இந்த வீட்டில் இருப்பதே நாம் இரண்டு பேர்தான் என்பது வேறு விஷயம்.

காலையிலிருந்து உன் பையை மூன்று தடவை திறந்து பார்த்துவிட்டேன். போட்டோ இரண்டு இருக்கிறது, பேனா இருக்கிறது, ஆதார் அட்டை இருக்கிறது. இருந்தும் மறுபடி திறக்கத் தோன்றுகிறது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட வாசனை வந்த பிறகுதான் தெரிந்தது. போன இரண்டு தடவையும் நீ கணக்கில் தேறினாய், பொது அறிவில் தேறினாய். ஆங்கிலத்தில் மட்டும் கொஞ்சத்தில் போய்விட்டது. ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் நான், "நம்ம புள்ளைக்கு இங்கிலீஷ்தாங்க கொஞ்சம் தகராறு" என்று சொல்லி வைத்தேன். உன்னை இங்கிலீஷ் மீடியத்தில் போடாததுதான் குற்றம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். குற்றம் என்னுடையதுதான், அதில் மாற்றமில்லை. ஆனால் அது வேறு குற்றம் என்பது போன மாதம்தான் தெரிந்தது.

அன்று நீ கூடத்தில் உட்கார்ந்து பயிற்சித் தேர்வு எழுதினாய். என் கையில் போனைக் கொடுத்து, "நாற்பது நிமிஷம்மா. மணி அடிச்சதும் சொல்லு, அதுக்கு முன்னாடி ஒரு வார்த்த பேசாத" என்றாய். நாலு பாசேஜ், ஒவ்வொன்றுக்கும் கீழே கேள்விகள். எனக்கு அதில் ஓர் எழுத்துகூடப் புரியாது. அதனால் நான் தாளைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தேன். உன் ஆள்காட்டி விரல் வரிக்கு அடியில் மெதுவாக நகர்ந்தது. உதடு அசைந்தது. ஓர் இடத்தில் விரல் நின்றது. நெற்றியைச் சுருக்கினாய், வரியின் ஆரம்பத்துக்குப் போனாய், மறுபடி அதே இடத்தில் நின்றாய். ஏதோ ஒரு சொல் புரியவில்லை என்று தெரிந்தது. போனில் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. விரலை எடுடா, அடுத்த வரிக்குப் போடா என்று தொண்டை வரை வந்துவிட்டது, பேசாதே என்று சொல்லியிருந்தாயே என்று அடக்கிக்கொண்டேன். மணி அடித்தபோது நீ இரண்டாவது பாசேஜின் நடுவில் இருந்தாய். கடைசித் தாளைத் திருப்பவே இல்லை. நீ என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் உன் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் விரல், தம்பி. அப்படியே என் விரல்.

பிறகு நீ தண்ணீர் குடிக்கப் போனாய். நான் தாள்களை அடுக்கினேன். ஒரு கேள்வியில் ஒரு சொல்லை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். கேட்டேன்.

"இது என்னடா, இத மட்டும் கொட்டையா போட்டிருக்கான்?"

"அது எக்செப்ட்மா. கீழ இருக்கிறதுல எதத் தவிர மத்ததெல்லாம் சரின்னு கேக்குறான். அவசரத்துல அந்த வார்த்தைய விட்டுட்டா பதில் தலைகீழா போயிரும். அதான் பெருசா போட்டிருக்கான்."

"நீங்கலாக" என்றேன்.

"ஆமா, அதேதான். பத்திரத் தமிழ்ல சொல்ற" என்று சிரித்தாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பரீட்சை வைக்கிறவனுக்கு இருக்கிற இரக்கம்கூட என் பத்திரத்தை எழுதியவருக்கு இல்லையே என்று நினைத்தேன். அன்று மட்டும் அந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் நம் கதையே வேறு.

பத்திரத்தில் நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்ற அளவுக்கு உனக்குத் தெரியும். அன்று என்ன நடந்தது என்று முழுதாக உனக்கு நான் சொன்னதில்லை. சொல்ல வெட்கம். உன் அப்பா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது, உனக்கு ஏழு வயது. அப்பாவுக்கும் உன் சித்தப்பாவுக்கும் பொதுவில் இருந்த நிலத்தைப் பிரித்து, நம் பங்கு ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் என்று பேசி முடிவாகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்திரம் எழுதுகிறவரின் கடைக்குப் போனோம். இன்றும் வெள்ளிக்கிழமைதான், எழுதும்போதுதான் கவனிக்கிறேன். ஆறு பக்கத்தை என் கையில் கொடுத்து, "படிச்சுப் பாத்துக்கங்கம்மா" என்றார். மணி பத்து. பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம், அதற்குள் கையெழுத்து ஆகிவிட வேண்டும். ஆக எனக்கு அரை மணி நேரம். நான் எட்டாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டாமல் படிப்பேன், ஆனால் மெதுவாகத்தான் படிப்பேன். விரலை வைத்து முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன்.

முதல் பக்கத்தில் எல்லாம் பெயர்கள். உன் தாத்தா பெயர், அவருடைய அப்பா பெயர், ஊர், தாலுகா. எல்லாம் எனக்குத் தெரிந்தவை. அப்புறம் உன் அப்பாவின் பெயர் வந்தது. அதற்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று போட்டிருந்தது. அந்தச் சொல்லை அவர் பெயரோடு சேர்த்து அச்சில் அன்றுதான் முதல் தடவை பார்க்கிறேன். விரல் அங்கேயே நின்றுவிட்டது. எடுக்க முடியவில்லை. அடுத்த வரிக்குப் போனேன், திரும்பி வந்தேன். மறுபடி போனேன், மறுபடி வந்தேன். எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று தெரியாது. பத்திரக்காரர் குரல் கேட்டுத்தான் நிமிர்ந்தேன்.

"என்னம்மா, இன்னும் மொத பக்கத்துலயே இருக்கீங்க? ராகு காலம் வந்துரும்மா. அதுக்குள்ள போட்டாதான் குடும்பத்துக்கு நல்லது."

உன் சித்தப்பா, "எல்லாம் பேசுனதுதான் அண்ணி. பேசுனதத்தான் எழுதியிருக்கு" என்றார். கடையில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லாரும் என் விரலைத்தான் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அவமானமாக இருந்தது. இரண்டாம் பக்கத்தை அரைகுறையாகப் பார்த்தேன். மீதியைப் புரட்டினேன், அவ்வளவுதான். பத்து இருபதுக்குக் கையெழுத்துப் போட்டேன். நல்ல நேரத்தில் முடிந்தது என்று எல்லாரும் காபி குடித்தார்கள், நானும் குடித்தேன்.

அந்த வருடம் குறுவைக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்தது. நான் மண்வெட்டியோடு போய் மடையைத் திறக்கக் குனிந்தேன். உன் சித்தப்பா வரப்பில் நின்றுகொண்டு, "அண்ணி, பத்திரப்படி இந்த வாய்க்கால்ல உங்களுக்குப் பாத்தியம் இல்லீங்க. தண்ணி தரமாட்டேன்னு சொல்லல. என் வயல் பாஞ்சதும் தெறந்துக்குங்க" என்றார். வீட்டுக்கு ஓடிவந்து பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்தேன். நான்காம் பக்கத்தில், சொத்து விவரத்துக்குக் கீழே இருந்தது. "தெற்கு வாய்க்கால் பாத்தியம் நீங்கலாக, மற்ற சகல பாத்தியங்களும் உள்பட." ஒரே ஒரு சொல். உன் சித்தப்பா தெரிந்து செய்தாரா, பத்திரக்காரர் பழைய பத்திரம் எதையோ பார்த்து எழுதினாரா, இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது, கையெழுத்து என்னுடையது. இருபத்திரண்டு வருடமாக நம் வயலுக்கு நான் கேட்டுத்தான் தண்ணீர் வாங்குகிறேன்.

அன்று நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ஒரு வரி விடாமல் படித்திருந்தால் இது நடந்திருக்காது, என் பிள்ளை ஒரு வரிகூட விடக் கூடாது. அந்த முடிவை உன் தலையில் கட்டினேன். மருந்துச் சீட்டு, உர மூட்டை, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், எதையும் நீ விட்டதில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால் "தங்கள் நல்வரவை விரும்பும்" பட்டியல் முழுக்க வாசித்து, அடியில் அச்சகத்தின் பெயரையும் வாசித்தால்தான் உனக்குச் சோறு. மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் நேரப் பலகையை மேலிருந்து கீழ் வரை நீ படித்து முடிப்பதற்குள் நம் பஸ் நம் கண் முன்னாலேயே போனதே, நினைவிருக்கிறதா? டிரைவர் கையை வேறு காட்டிவிட்டுப் போனார். நான் கோபப்படவில்லை. பெருமையாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

இன்னொன்று உனக்கு நினைவிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன், ஆனால் நினைவிருக்கும். உனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்திலிருந்து ஆண்டு விழாவுக்கு ஒரு தாள் கொண்டுவந்தாய். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். படி என்றேன், மளமளவென்று படித்தாய். தாளை வாங்கிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை அணிந்து வர வேண்டும் என்ற வரியை நீ தாண்டியிருந்தாய். உன்னிடம் இருந்ததே வெள்ளைச் சட்டைதான், அதனால் உனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. கையில் இருந்த தோசைக் கரண்டியாலேயே அடித்தேன். சூடு பட்டது, கை சிவந்துவிட்டது. நீ அழவில்லை. அந்தத் தாளை மறுபடி வாங்கி, சிவந்த கையின் விரலை முதல் வரிக்கு அடியில் வைத்து, ஆரம்பத்திலிருந்து படித்தாய். அன்றிலிருந்து விரலை எடுக்கவில்லை. தேர்வு கம்ப்யூட்டர் திரையில்தான் வருகிறது, அங்கே விரல் வைக்க முடியாது, அந்த அம்புக்குறியை வரிக்கு அடியில் நகர்த்துவேன் என்று நீ ஒருநாள் சாதாரணமாகச் சொன்னபோது நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். என்னை மன்னித்துவிடு என்று உன்னிடம் இதுவரை கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

போன மாதம் உன் விரலைப் பார்த்த பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமையை நான் முதல் தடவையாகச் சரியாக நினைத்துப் பார்த்தேன். நான் படிக்காததால் ஏமாறவில்லை, தம்பி. படித்தேன். கிடைத்த நேரம் முழுக்கப் படித்தேன். எனக்கு ஏற்கனவே தெரிந்த பெயர்களைப் படித்தேன், என்னால் தாண்ட முடியாத ஒரு சொல்லில் நின்றேன், அதற்குள் நேரம் போய்விட்டது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, தண்ணீர். கடைக்குள் நுழைந்ததுமே, "தண்ணி விஷயம் எந்தப் பக்கத்துல இருக்குங்க?" என்று கேட்டு நான்காம் பக்கத்தைத் திருப்பியிருந்தால் ஐந்து நிமிடத்தில் அந்த வரியில் விரல் நின்றிருக்கும். அங்கே எவ்வளவு நேரம் நின்றிருந்தாலும் தகும். இருபத்திரண்டு வருடமாகத் தப்பான பாடத்தைப் படித்து, அதை உனக்கும் அடித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், வயலில் எனக்கு இது தெரியும். உன் சித்தப்பா வயல் பாய்ந்து முடிந்து, அடுத்தவர் முறை வருவதற்குள் நமக்கு இரண்டு மணி நேரம் தண்ணீர். நம்முடையது நாலு வயல். முதல் வருடம் மேல் வயல் நிறையட்டும், மூலையில் இருக்கிற மேடும் நனையட்டும் என்று மண்வெட்டியோடு நின்றேன். மேட்டில் தண்ணீர் ஏறவே இல்லை. மடையை அடைக்கும் நேரம் வந்தபோது கடைசி வயல் சொட்டுத் தண்ணீர் பார்க்காமல் கிடந்தது. அந்த வருடம் அதில் அறுப்பே இல்லை. அடுத்த வருடத்திலிருந்து மேட்டைப் பார்ப்பதை விட்டேன். நாலு வயலுக்கும் முதலில் ஒரு நனைப்பு. எது நனையவில்லையோ அதை மனதில் குறித்துக்கொள்வேன். கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்த பிறகு நேரம் மிச்சமிருந்தால் மேட்டுக்கு வருவேன். இல்லாவிட்டால் அந்த மேடு அப்படியே கிடக்கட்டும். வயலில் தெரிந்த இந்தப் புத்தி எனக்குக் காகிதத்தில் வரவில்லை.

அதனால் நாளைக்கு நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், எட்டாவது படித்தவள் எனக்குப் பரீட்சை சொல்லிக்கொடுக்கிறாளே என்று நினைக்காதே. முதலில் கேள்வியைப் பார். அவன் உன்னிடம் என்ன கேட்கிறான் என்று தெரிந்துகொண்டு பாசேஜுக்குள் போ. உன் பயிற்சி வகுப்பிலும் இதைத்தான் சொன்னார்கள் என்றாய், "ஆனா எனக்கு அது திருட்டுத்தனமா படிக்கிற மாதிரி இருக்கும்மா" என்றும் சொன்னாய். திருட்டு இல்லை. பெரிய எழுத்தில் இருக்கிற சொல்லை மட்டும் இரண்டு தடவை பார், அதில் அவசரம் வேண்டாம். புரியாத சொல் வந்தால் அதோடு மல்லுக்கு நிற்காதே. ஒரு கேள்வி மாட்டேன் என்றால் விடு, தப்பாகக் குறித்தால் மார்க்கைக் கழிப்பார்கள் என்றாயே, சும்மா விடு. நாலு பாசேஜுக்கும் தண்ணீர் போய்ச் சேர வேண்டும், எனக்கு அவ்வளவுதான் தெரியும். விடு, விடு என்று இத்தனை தடவை எழுதிவிட்டேன். இருபத்திரண்டு வருடமாக விடாதே என்று சொன்ன வாய்.

இன்னொரு பயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நாளை சனிக்கிழமை, தேர்வு ஒன்பது மணிக்கு. ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். ஹால் டிக்கெட் வந்த அன்றே பார்த்துவிட்டேன், உன்னிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், நல்ல நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில்தானே அன்று எல்லாம் போனது, ராகு காலத்தில் என்ன நடக்கிறது என்றுதான் ஒரு தடவை பார்ப்போமே. தைரியமாகத்தான் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் பையின் சின்ன அறையில் ஒரு திருநீற்றுப் பொட்டலம் வைத்திருக்கிறேன், தூக்கி எறிந்துவிடாதே.

கிடைக்காவிட்டால் பரவாயில்லை, நிலம் இருக்கிறது என்று பெரிய மனதோடு எழுத வேண்டும் என்றுதான் ஆசை. வரவில்லை, தம்பி. எனக்குப் பரவாயில்லை என்று இல்லை. பயமாக இருக்கிறது. மண்வெட்டியோடு அந்த வரப்பில் நின்று, "சித்தப்பா, தண்ணி விடுங்க" என்று நீ கேட்பதை நான் பார்க்க வேண்டியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. நான் கேட்டுப் பழகிவிட்டேன், எனக்கு வலிக்கவில்லை. நீ கேட்டால் எனக்கு வலிக்கும்.

வாசலில் சைக்கிள் சத்தம் கேட்கிறது. நீ வந்துவிட்டாய். நான் எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கக்கூட நேரமில்லை, தப்பு இருந்தால் இருக்கட்டும். இந்தக் கடிதத்தையும் நீ விரலை வைத்து ஒரு வரி விடாமல்தான் படித்துக்கொண்டு வந்திருப்பாய், எனக்குத் தெரியும். இது போகட்டும். நாளைக்குத் திரையில் தாண்ட முடியாத ஒரு வரி வரும், உன் கை அங்கே நிற்கும், அப்போது அம்மாவை நினைத்துக்கொள். அந்த வரியைத் தாண்டிப் போ. அடிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
அம்மா